எந்தக் கணக்கை நம்பி வாழை வைப்பது?

போன பங்குனிக் கடைசியில் எங்கள் பகுதி விவசாயிகள் ஒரு களத்து மேட்டில் கூடினோம். பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, கோரையாற்றில் போய் விழும் ஒரு ஓடையின் இரு கரையிலும் தோப்பு வைத்திருப்பவர்கள். பேச்சு கூட்டு வாழையைப் பற்றியது. 25 ஏக்கரில் புதிதாக வாழை வைக்கலாமா, இல்லை அந்தப் பணத்தை ஓடையில் ஒரு தடுப்பணைக்குப் போட்டு இருக்கிற தென்னையைக் காப்பாற்றிக்கொள்வோமா?

களத்து மேட்டில் இரண்டு தாள் இருந்தது. ஒன்று, திட்ட அறிக்கை எழுதிக் கொடுப்பவர் ஒருவர் தயாரித்தது. எங்கள் பள்ளத்தில், அதாவது அந்த ஓடைக்கு மழைத்தண்ணீர் வடிந்து வரும் நிலம் முழுவதிலும், வருடத்துக்கு 4,84,000 கன மீட்டர் மழைத்தண்ணீர் நிலத்துக்குள் இறங்குகிறது என்றது. இன்னொன்று, எங்களில் ஒருவரின் மகன் மடிக்கணினியில் போட்டது. தென்னைக்கு மட்டும், அதுவும் நாலு மாதக் கோடைக்கு மட்டும், 5,28,000 கன மீட்டர் வேண்டும் என்றது. முதல் தாளைப் பார்த்தால் வாழை என்ன, நெல்லே நடலாம். இரண்டாவதைப் பார்த்தால் தென்னையெல்லாம் எப்போதோ பட்டுப் போயிருக்க வேண்டும். தோப்போ எங்கள் கண் முன்னால் நின்றுகொண்டிருக்கிறது, குலையும் தள்ளியிருக்கிறது, கள் இறக்கவும் ஆள் ஏறுகிறார்கள்.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. இரண்டுமே புத்தகத்தில் இருக்கிற கணக்குதான். எந்தக் கணக்கு எதற்கு உதவும், எங்கே காலை வாரும் என்று ஒரு வருடமாகப் போட்டுப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பள்ளத்தின் பரப்பு 200 ஹெக்டேர், அதில் தென்னை 80, காய்கறியும் இருக்கிற வாழையும் சேர்ந்து 20, மீதி மானாவாரியும் மேட்டுப் பாறையும் என்று எண்களை உருட்டிக்கொள்கிறேன். உங்கள் பள்ளத்துக்கு உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கன மீட்டர் ஆயிரம் லிட்டர். இந்த ஒரு மாற்று தெரிந்தால் போதும்.

மழையில் எத்தனை பங்கு உள்ளே போகிறது?

எல்லாரும் முதலில் பிடிப்பது இந்தக் கணக்கைத்தான். மழையளவை எடுத்து, பாறைக்கும் மண்ணுக்கும் ஏற்ற ஒரு சதவீதத்தால் பெருக்கினால் வேலை முடிந்தது. சதவீதத்தை நாமாக ஊகிக்க வேண்டியதில்லை. நாடு முழுவதும் நிலத்தடி நீரைக் கணக்கிட 2015-இல் திருத்தி வகுத்த வழிமுறையிலேயே பட்டியல் இருக்கிறது. களி குறைந்த, மக்கிய கிரானைட், நைஸ் பாறை என்றால் 11 சதவீதம். களி அதிகமாகக் கலந்திருந்தால் 8. செம்பூரான் மண்ணுக்கு 7. சார்னோக்கைட் போன்ற பாறைக்கு 5.

அறிக்கைக்காரர் 11-ஐ எடுத்தார். மழைக்கு மாவட்ட சராசரியை ஒட்டி 2,200 மில்லிமீட்டர். பெருக்கினால் 242 மில்லிமீட்டர், 200 ஹெக்டேருக்கு 4,84,000 கன மீட்டர். கணக்கில் தப்பே இல்லை. ஆனால் பாலக்காட்டு மாவட்டத்தின் மேற்கோரத்து மழையும் எங்கள் எல்லையோர வேலந்தாவளத்து மழையும் ஒன்றா? வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கேரளத்துக்குள் இருந்தாலும் வானம் என்னவோ பொள்ளாச்சி வானம். பல வருடம் ஆயிரம் மில்லிமீட்டரைத் தொடுவதே பெரிய பாடு. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மழைமானி வைத்து அளந்ததும் 900-ஐச் சுற்றித்தான் வந்தது. மண்ணும் வேறு. கேரளத்தில் கரிசல் மண் என்று சொல்லிக்கொள்ள இருப்பது இந்தப் பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரம்தான். ஓடைக்கரையில் மண்வெட்டி போட்டால் களி அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். ஆகவே 900-ஐ 8 சதவீதத்தால் பெருக்கினேன். 72 மில்லிமீட்டர், 1,44,000 கன மீட்டர். அறிக்கையில் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இந்தக் கணக்கைக் குப்பை என்று சொல்ல மாட்டேன். செலவில்லை, பத்து நிமிட வேலை, ஒரு அளவுக்குத் தோராயம் கிடைக்கும். ஆனால் 8-க்கும் 11-க்கும் நடுவில் மட்டுமே 54,000 கன மீட்டர் நிற்கிறது. இன்னொன்று, சதவீதத்துக்கு மழை எப்படிப் பெய்தது என்பது தெரியாது. ஒரே ராத்திரியில் மூணு உழவு மழை கொட்டி ஓடை கரைபுரண்டு போன வருடமும், ஐப்பசி முழுக்கச் சிணுங்கிச் சிணுங்கிப் பெய்து மண் ஊறிய வருடமும் அதற்கு ஒன்றுதான். முதல் கூட்டத்துக்கு இந்தக் கணக்கோடு போகலாம். பணம் போடும் கூட்டத்துக்கு இது போதாது.

கிணற்றில் கயிறு விடுவது

மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் கிணற்று நீர்மட்டத்தை அளந்து, ஏறிய உயரத்தைப் பார்ப்பது அடுத்த வழி. ஏறிய உயரம், பரப்பு, நிலத்தின் நீர்விடு திறன் மூன்றையும் பெருக்கினால் நிலத்துக்குள் கூடிய தண்ணீர் கிடைக்கும். மழைக்காலத்திலும் கொஞ்சம் இறைத்திருப்போம் அல்லவா, அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அளப்பது எளிது என்று நினைத்துத்தான் இறங்கினேன். முதல் மாதம் எடுத்த அளவை முழுக்கத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. காரணம் ரொம்பச் சின்னது. காலை ஒன்பது மணிக்குப் போனேன், பாதிக் கிணற்றில் அப்போதுதான் மோட்டாரை நிறுத்தியிருந்தார்கள். கிணறு ஊறிக்கொண்டே இருந்தது. அடுத்த மாதத்திலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். கையில் ஒரு சர்வே டேப், அதன் முனையில் ஒரு சாண் இரும்புக் குழாய், அடிப்பக்கம் திறந்தது. குழாய் தண்ணீரைத் தொட்டதும் 'ப்ளக்' என்று ஒரு சத்தம் வரும். டார்ச்சே வேண்டாம், காது போதும். வட்டுக்கல்லில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு முறையும் அந்தக் கோட்டிலிருந்துதான் அளப்பது. இதைச் செய்யாமல் விட்டால் ஒரு ஜாண் இங்கேயே காணாமல் போகும்.

எந்தக் கிணறு என்பதும் முக்கியம். திறந்த கிணற்றை எடுங்கள், போரை விடுங்கள். ஆழ்துளைப் போரின் மட்டம் பாறை வெடிப்பில் இருக்கும் அழுத்தத்தைக் காட்டுகிறது. ஒரு நாளில் இருபதடி இறங்கும், ஏறும். அதை நிலத்தடி மட்டம் என்று நினைத்துப் பரப்பால் பெருக்கினால் கடலே கிடைக்கும். கிணற்றுக்குள்ளேயே சைடு போர் போட்ட கிணறுகளும் சந்தேகத்துக்கு உரியவை. எங்கள் பள்ளத்தில் அளக்கத் தகுந்ததாக ஒன்பது கிணறு தேறியது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் கேரளத்தில் ஜனவரி, ஏப்ரல், ஆகஸ்ட், நவம்பர் என்று வருடத்துக்கு நாலு முறை அளக்கிறது. நாங்கள் மாதம் ஒருமுறை அளந்தோம்.

அந்த ஒன்பதில் ஒரு கிணறு எங்கள் தூரத்து மாமா ஒருவருடையது. சுற்றிலும் கல்படி இறங்கும் பழைய கிணறு. டேப்பை இறக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து சொன்னார்: "எதுக்குங் தம்பி அத்தன பாடு? ஐப்பசி முடியறப்போ தண்ணி ஏழாவது படியில நின்னா, சித்திர வரைக்கும் காய்கறி வெக்கலாம். பதினொண்ணோட நின்னுதுன்னா சோளத்தட்டு வெதச்சுப்போட்டு மாட்டப் பாத்துக்கோணும்." சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், மாமா செய்வதும் நீர்மட்ட முறைதான். கிணறுதான் மானி, படிதான் அளவு, நாற்பது வருடத்து விளைச்சல்தான் ஒப்பிட்டுச் சரிபார்த்த தரவு. அவர் கிணற்றுக்கு அது என் கணக்கைவிட நன்றாகவே வேலை செய்யும். பக்கத்தில் புதுசாக ஆறு போர் வந்துவிட்டால் மட்டும் படிக்கணக்கு பழையதாகிவிடும். இப்போது அதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

எங்கள் ஒன்பது கிணற்றில் மழைக்காலத்து ஏற்றம் சராசரி 4.5 மீட்டர். இனி நீர்விடு திறன். பாறை, மண் எல்லாம் சேர்ந்த ஒரு கன மீட்டர் நிலத்திலிருந்து எத்தனை தண்ணீர் தானாக வடிந்து வரும் என்பதுதான் அது. களி குறைந்த மக்கிய நைஸுக்கு 3 சதவீதம், களி கலந்ததற்கு 1.5 என்கிறது அதே வழிமுறை. 1.5 என்றால் ஏறியது 1,35,000 கன மீட்டர், 3 என்றால் 2,70,000. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து செய்த வேலையெல்லாம் கடைசியில் இந்த ஒரு எண்ணில் போய் மாட்டிக்கொள்கிறது. இதை அவிழ்க்க ஒரு வழி இருக்கிறது, அது செலவுப் பக்கத்திலிருந்து வருகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

நடுவில் குளோரைடு முறையை ஒருவர் பரிந்துரைத்தார். மழையில் உள்ள குளோரைடையும் கிணற்றுத் தண்ணீரில் உள்ள குளோரைடையும் ஒப்பிட்டால், எவ்வளவு மழை உள்ளே இறங்கியது என்று சொல்லிவிடலாம். செடி தண்ணீரைக் குடிக்கும், உப்பை விட்டுவிடும் என்பதுதான் அடிப்படை. காட்டுப் பகுதிக்கு அழகான முறை. தென்னந்தோப்புக்கு ஆகாது. ஏன் என்று பாருங்கள். ஒரு மரத்துக்கு வருடம் 2 கிலோ பொட்டாஷ் வைக்கிறோம். பொட்டாஷ் என்று கடையில் வாங்குவது பொட்டாசியம் குளோரைடு, அதன் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு குளோரைடுதான். ஹெக்டேருக்கு 175 மரம் என்றால் 165 கிலோ குளோரைடு. மழைத்தண்ணீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் என்று வைத்தால், 900 மில்லிமீட்டர் மழை ஹெக்டேருக்குக் கொண்டுவருவது 27 கிலோ. மழை கொண்டுவருவதைப்போல் ஆறு மடங்கை நாமே மூட்டை மூட்டையாகக் கொட்டியிருக்கிறோம். இதோடு குழியில் கல்லுப்பு போடும் வழக்கம் வேறு. ஆய்வகத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

செயற்கைக்கோளில் ஈர்ப்பு விசையைப் பார்த்து நிலத்தடி நீரைச் சொல்லும் கிரேஸ் திட்டம், இந்தியா, பஞ்சாப் என்ற அளவில் பேச நல்லது. அதன் பார்வைக்கு ஒரு புள்ளியே சில நூறு கிலோமீட்டர், எங்கள் பள்ளம் இரண்டு சதுர கிலோமீட்டர். மாட்ஃப்ளோ போன்ற, நிலத்தடி நீரோட்டத்தைக் கணக்கிடும் கணினி மாதிரிகளுக்கு வெடிப்புப் பாறையின் உள்ளமைப்பு வேண்டும், அது நம் யாரிடமும் இல்லை.

மரம் எவ்வளவு குடிக்கிறது?

இப்போது அந்த மடிக்கணினித் தாளுக்கு வருகிறேன். அதைப் போட்ட தம்பி செய்தது கிராப்வாட் பாணிக் கணக்கு. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வழிமுறை, உலகமே பயன்படுத்துவது. வானிலையிலிருந்து ஒரு நாளின் ஆவிப்போக்கை, அதாவது மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் ஆவியாகும் தண்ணீரைக் கண்டுபிடித்து, பயிருக்கான ஒரு காரணியால் பெருக்க வேண்டும். கோடைக்கு நாளொன்றுக்கு 5.5 மில்லிமீட்டர் எடுத்தான். பனைவகை மரங்களுக்குக் காரணி 0.95 முதல் 1 வரை, அவன் 1 போட்டான். 80 ஹெக்டேர், 120 நாள். 5,28,000 கன மீட்டர்.

மரத்துக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் எங்கே இடிக்கிறது என்று தெரியும். ஏழரைக்கு ஏழரை மீட்டர், சுமார் 25 அடி, இடைவெளியில் ஒரு மரத்துக்கு 56 சதுர மீட்டர் நிலம். அதன் மேல் 5.5 மில்லிமீட்டர் என்றால் நாளுக்கு 309 லிட்டர். யாரய்யா ஒரு மரத்துக்கு தினம் முன்னூறு லிட்டர் விடுகிறார்? நாம் தண்ணீர் விடுவது வட்டப்பாத்திக்கு மட்டும். பாத்தியின் ஆரம் 1.8 மீட்டர், பரப்பு 10 சதுர மீட்டருக்குச் சற்று மேல். அதே 5.5-ஐ இதன் மேல் போட்டால் 56 லிட்டர். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் மேற்கு மண்டலத்துக்கு, பிப்ரவரி முதல் மே வரை சொட்டு நீரில் நாளுக்கு 65 லிட்டர் என்று சொல்வதற்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

சரி, அப்போது கேரளத்து எண்? காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் மேற்குக் கடற்கரைத் தென்னைக்குச் சொட்டு நீரில் நாளுக்கு 30 லிட்டரை ஒட்டித்தான் சொல்கிறது. பாத்தி என்றால் நாலு நாளைக்கு ஒருமுறை 200 லிட்டர். ரேஷன் கார்டு கேரளம் என்பதால் 30-ஐ எடுத்துக்கொள்வதா? கடற்கரைத் தென்னைக்கு ஈரக்காற்று அடிக்கிறது. நமக்கு அடிப்பது பாலக்காட்டுக் கணவாயின் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு உடைந்த வாசல் அது. கார்த்திகை பிறந்தால் கிழக்கிலிருந்து வறண்ட காற்று மாசி வரைக்கும் விடாமல் வீசும். விருச்சிகக் காற்று என்பார்கள் மலையாளத்தில். வேட்டியைக் கொடியில் போட்டால் அரை மணியில் காய்ந்துவிடும், பாத்தியும் அப்படித்தான். எனவே இந்த ஒரு விஷயத்தில் தமிழ்நாட்டு எண்தான் நமக்குப் பொருந்தும்.

இதே காற்றுக்காகத்தான் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வானிலைத் தரவு குறைவாக இருந்தால் ஆவிப்போக்குக்கு ஹார்கிரீவ்ஸ் சூத்திரம் போதும் என்பார்கள். அது வெப்பநிலையை மட்டும் கேட்கும், காற்று அதற்குத் தெரியாது. கணவாய் வாசலில் உட்கார்ந்துகொண்டு அதைப் போட்டால் தை மாதத் தேவை குறைவாகவே வரும். காற்று, வெயில், ஈரப்பதம் எல்லாவற்றையும் கேட்கும் பென்மன்-மான்டீத் சூத்திரத்தைப் போடுங்கள். அதற்கும் பட்டாம்பி ஆராய்ச்சி நிலையத்துத் தரவு எடுக்காதீர்கள், அது கணவாய் தாண்டி மேற்கே வெகுதூரம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆளியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையம் பக்கம். மலையடிவாரம் என்பதால் மழைக்கு அதை எடுக்க முடியாது, காற்றுக்கும் வெயிலுக்கும் பரவாயில்லை.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை 89 நாளுக்குத் திருத்திப் போட்டேன். 14,000 மரம், 56 லிட்டர்: 70,000 கன மீட்டர். காய்கறி, வாழை 20 ஹெக்டேருக்கு நாளுக்கு 5 மில்லிமீட்டர்: 89,000. மொத்தம் 1,59,000.

மீட்டர் சொன்னது

பயிர் கேட்பது ஒரு எண், நாம் இறைப்பது வேறொரு எண். இறைப்பதை நேராகத் தெரிந்துகொள்ள எங்கள் பக்கத்தில் ஒரு வசதி உண்டு. கேரளத்தில் விவசாய இணைப்புக்கும் மீட்டர் ஓடுகிறது. எல்லை தாண்டினால் இலவச மின்சாரம், பெரும்பாலான பம்புக்கு மீட்டரே கிடையாது. அங்கே போல எல்லாருக்கும் இலவசம் இல்லையே என்று நாங்கள் பெருமூச்சு விடாத நாளில்லை. கணக்கென்று வந்ததும் முதல் முறையாக அந்த மீட்டர் உதவியது.

ஒரு கன மீட்டர் தண்ணீரை ஒரு மீட்டர் தூக்க 0.0027 யூனிட் வேண்டும். நாற்பது மீட்டர் தூக்கினால் 0.11. நம் மோட்டார், பைப்பு, பழைய ஃபுட்வால்வு எல்லாம் சேர்ந்து 35 சதவீதம் திறன் என்று வைத்தால் 0.31 யூனிட். அதாவது ஒரு யூனிட்டுக்குச் சுமார் 3,200 லிட்டர். இதை அப்படியே நம்ப வேண்டாம். நாங்கள் எட்டு பம்பில் 200 லிட்டர் டிரம்மையும் செல்போன் ஸ்டாப் வாட்சையும் வைத்து அளந்து பார்த்தோம். 2,100-இலிருந்து 4,000 வரை இருந்தது, சராசரி 3,200-க்கு அருகில் விழுந்தது. போர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லும் 'ஒன்றரை இஞ்ச் தண்ணி' டிரம்மில் பிடித்தால் முக்கால் இஞ்சாகத்தான் இருக்கிறது என்பதும் அன்றைக்குத் தெரிந்தது. பில்களை வாங்கிக் கூட்டினோம். மூன்று மாதத்தில் 56,000 யூனிட் சொச்சம், தண்ணீராக 1,80,000 கன மீட்டர்.

பயிர்க்கணக்கு 1,59,000, மீட்டர் 1,80,000. நடுவில் உள்ள 21,000 வாய்க்காலிலும் உடைந்த பைப்பிலும், கரண்ட் வந்ததும் தானாக ஓடும் மோட்டாரிலும் போனது. இரண்டு வெவ்வேறு வழியில் வந்த எண்கள் இத்தனை பக்கத்தில் நின்றபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

இப்போது முன்னால் விட்ட முடிச்சு. அந்த மூன்று மாதத்தில் எங்கள் பள்ளத்தில் மழை இல்லை. ஆளியாற்றுத் தண்ணீரும் எங்கள் மேட்டுக்கு வருவதில்லை. மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு வருடம் 7.25 டி.எம்.சி. என்று பரம்பிக்குளம்-ஆளியாறு பற்றிய 1970 ஒப்பந்தம் சொல்கிறது. அது மூலத்தறை வழியாகப் பாயும் ஆயக்கட்டில் கால்வாய் திறந்தால் கிணறு தானாக ஏறும். அங்கே இந்தக் கணக்கு இப்படிப் போடக் கூடாது, கால்வாய்க் கசிவைத் தனியே கூட்ட வேண்டும். எங்களுக்கு அந்தக் குழப்பம் இல்லாததால், கிணறு இறங்கியது என்றால் நாம் இறைத்ததால்தான். இறைத்த 1,80,000-இல் 15 சதவீதம் பாத்தியிலிருந்து திரும்பக் கீழே போயிருக்கும். பத்து முதல் 25 மீட்டர் ஆழத்தில் நீர்மட்டம் உள்ள நெல் அல்லாத பயிருக்கு அரசு வழிமுறை தரும் அளவை ஒட்டி எடுத்தது அது. மீதி 1,53,000. கிணறுகள் சராசரியாக 4 மீட்டர் இறங்கின. 1,53,000-ஐ 20 லட்சம் சதுர மீட்டராலும் 4 மீட்டராலும் வகுத்தால் 1.9 சதவீதம். இதுதான் எங்கள் நிலத்தின் நீர்விடு திறன். 1.5-ஆ 3-ஆ என்று ஊகிக்க வேண்டியதே இல்லை.

ஆகவே என் தேர்வு இது: நீர்மட்டமும் மின்மீட்டரும் சேர்ந்த முறை. மழைச் சதவீதம் ஒரு காவலாளாக நிற்கட்டும். 4.5 மீட்டர் ஏற்றத்துக்கு 1.9 சதவீதம் போட்டால் 1,71,000. மழைக்காலத்தில் இறைத்ததில் நிகரமாக 30,000 கூட்டினால் 2,01,000 கன மீட்டர், அதாவது 100 மில்லிமீட்டர். இங்கே ஒரு எச்சரிக்கை. அரசு வழிமுறைப்படி நீர்மட்ட முறையும் மழைச் சதவீத முறையும் 20 சதவீதத்துக்கு மேல் விலகினால், சதவீத முறையின் விடையை 1.2 மடங்குக்கு மேல் ஏற்க மாட்டார்கள். எங்கள் 72 மில்லிமீட்டருக்கு அது 86. மானியத்துக்கு எழுதும்போது 86 என்றே எழுத வேண்டியிருக்கும். எங்கள் மனதுக்குள் 86-க்கும் 100-க்கும் நடுவில் வைத்துக்கொண்டோம்.

வருடம் முழுக்க இறைப்பது மீட்டர்படி 3,00,000. திரும்பிப் போவதைக் கழித்தால் 2,55,000. வரவு நல்ல கணக்கிலேயே 2,01,000. துண்டு விழுவது 54,000 கன மீட்டர், கிணற்றில் வருடத்துக்கு 1.4 மீட்டர் இறக்கம். சித்தூர் பிளாக்கை மத்திய வாரியம் 'ஓவர் எக்ஸ்ப்ளாய்டட்' (வரவுக்கு மேல் இறைப்பு) என்றும் 'கிரிட்டிக்கல்' (அதற்கு முந்தைய ஆபத்து நிலை) என்றும் மாறி மாறிப் போட்டுவந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் பிளாக் எண்ணை வைத்து நம் ஓடையைத் தீர்மானிக்க முடியாது. கேரளம் பிளாக்காகக் கணக்கிடுகிறது, தமிழ்நாடு பிர்க்காவாக. எங்கள் ஓடையின் தலைமாடு தமிழ்நாட்டில் இருக்கிறது.

வாழைக்கு வருவோம். 25 ஏக்கர் என்பது 10 ஹெக்டேர். அந்த மூன்று மாதத்துக்கு மட்டும் 44,500 கன மீட்டர். ஏற்கெனவே விழும் துண்டை இது ஏறத்தாழ இரட்டிப்பாக்கும். தடுப்பணை? 2,000 கன மீட்டர் பிடிக்கும் அணை, வருடம் நாலு முறை நிரம்பினால் 8,000. பாதி உள்ளே இறங்கும் என்று வழிமுறைப்படி எடுத்தால் 4,000. கட்டலாம், கட்டுவோம், ஆனால் அது ஒரு ஹெக்டேர் காய்கறிக்கு ஒரு கோடைத் தண்ணீர், அவ்வளவுதான். அணை வந்துவிட்டது என்று வாழை வைத்தால் கதை கந்தல்.

சொட்டு நீர் போட்டால் தீர்ந்தது என்று ஒருவர் எழுந்தார். இங்கேதான் எல்லாரும் ஒரே தண்ணீரை இரண்டு தடவை எண்ணுகிறோம். சொட்டு நீரால் இறைப்பு 3,00,000-இலிருந்து 2,60,000-ஆகக் குறைகிறது என்று வையுங்கள். மீட்டருக்கு 40,000 மிச்சம். ஆனால் பாத்தியிலிருந்து திரும்பிக் கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்த 45,000 இனி போகாது. நிகர இறைப்பு 2,55,000 என்பது 2,60,000 ஆகிறது. கரண்ட் பில் குறையும், களையெடுப்பு குறையும், உரம் வீணாகாது, அதெல்லாம் உண்மை. கிணறு ஏறாது. வாய்க்காலிலும் வெயிலிலும் போனதைத் தடுத்த அளவுக்குத்தான் உண்மையான மிச்சம். அந்த மிச்சத்தையும் நம்மாட்கள் இன்னொரு ஏக்கர் வாழையாக மாற்றிவிடுகிறார்கள், நானும் ஒருமுறை செய்தவன்தான்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் பிளாச்சிமடை குளிர்பான ஆலை வழக்கை இழுத்தார். 2005-இல் கேரள உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, நிபுணர் குழுவின் ஆய்வை வைத்து அந்தக் குளிர்பான ஆலைக்கு நாளுக்கு 5 லட்சம் லிட்டர் வரை அனுமதித்தது. நம் கணக்கில் அது 65 லிட்டர் வீதம் 7,700 தென்னைக்கு, அதாவது 110 ஏக்கர் தோப்புக்கான தண்ணீர். "அவ்வளவுதானா?" என்றார்கள் சிலர். அவ்வளவுதான், ஆனால் 110 ஏக்கரில் பரவிக் கிடக்கும் கிணறுகளிலிருந்து எடுப்பதும் ஒரே வளாகத்திலிருந்து எடுப்பதும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு ஒன்றல்ல. சராசரி எண்ணின் குறையே அதுதான். எங்கள் 1.4 மீட்டரும் சராசரி. ஒன்பதில் இரண்டு கிணறு இறங்கவே இல்லை, ஒன்று மூன்று மீட்டர் இறங்கியிருக்கிறது. ஆறு போர் சுற்றிலும் உள்ள மாமா கிணறு அது.

வாழையைத் தள்ளி வைத்தோம். அணைக்கு மனு போட்டிருக்கிறோம். இருக்கிற வாழையில் பாதியை இந்த வருடம் சோளமாக்க நாலு பேர் ஒப்புக்கொண்டார்கள், மூன்று பேர் யோசிக்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பம்புகள்தான் மிச்சம். மீட்டர் இல்லாததால், ஓடும் நேரத்தைக் குறித்துத் தர இரண்டு பேரிடம் நோட்டுப் புத்தகம் கொடுத்திருக்கிறேன். ஒருவர் எழுதுகிறார். இன்னொருவர் வீட்டில் குழந்தை அதில் படம் வரைந்துவிட்டது, புது நோட்டு கொடுக்க வேண்டும்.